பதிவேட்டில் பூங்குழலி

"அக்கா, பாப்பாவுக்குப் பூங்குழலின்னு வைக்கணும்னு எனக்கு ஆசை. மாமியார் அவங்க அம்மா பேரைச் சொல்றாங்க. முப்பதாம் நாளைக்குள்ள முடிவாகாது போல. அதுவரைக்கும் பர்த் சர்ட்டிபிகேட் வேலையை நிறுத்தி வைக்கலாமா?"

எதிர்வீட்டுப் பெண் டீ தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டாள். தலைப்பிள்ளை, பெண் குழந்தை, பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி நிறைய வீடுகளில் இருக்கிறது, கேட்கத்தான் யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை.

முதல் பதில்: நிறுத்தி வைக்கவே கூடாது. குழந்தை பிறந்ததைப் பதிவது ஒரு வேலை, பெயரைப் பதிவது வேறொரு வேலை. சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்த 21 நாளுக்குள் அந்தத் தகவல் பதிவாளருக்குப் போய்விட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் சொல்லும் பொறுப்பு ஆஸ்பத்திரியுடையது, வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவருடையது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு இந்த முதல் வேலை தானாகவே நடந்துவிடும். நாம் செய்ய வேண்டியதெல்லாம் அப்பா, அம்மா பெயர்களையும் முகவரியையும் ஆஸ்பத்திரியில் சரியாக எழுதிக் கொடுப்பது, அவர்கள் அனுப்பிவிட்டார்களா என்று ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்வது.

பெயர்க் கட்டத்தை அப்போது காலியாக விட்டுவிடலாம், தவறே இல்லை. 14-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. பெயரில்லாமல் பதிவான குழந்தைக்கு, பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெற்றோரோ காப்பாளரோ பெயரைத் தெரிவித்தால் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். கணக்கு பிறந்த நாளிலிருந்து இல்லை, பதிவான நாளிலிருந்து. 12 மாதம் கடந்துவிட்டாலும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அதையும் தாண்டினால் சிக்கல்தான். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் நேரத்தில்தான் பல குடும்பங்கள் பீரோவிலிருந்து சான்றிதழை எடுத்து, 'பெயர்' என்ற இடத்தில் வெறும் கோடு இருப்பதைப் பார்க்கின்றன.

இந்த 12 மாத ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, நம் வீடுகளை அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். சில குடும்பங்களில் பதினொன்றாம் நாள் பெயர் வைப்பார்கள், சிலவற்றில் முப்பதாம் நாள், சிலவற்றில் தொட்டில் போடும் நல்ல நாள் பார்த்து. முஸ்லிம் வீடுகளில் ஏழாம் நாள் வழக்கம், கிறிஸ்தவ வீடுகளில் ஞானஸ்நானத்தோடு சேர்ந்து வரும். இந்த நாட்களெல்லாம் 21-க்குள் அடங்கிவிடாது. அடங்க வேண்டிய அவசியமும் இல்லை. பெயருக்கு அவசரப்படாதீர்கள். பிறப்புக்கு அவசரப்படுங்கள்.

இதில் பலருக்கும் பிடிபடாத இன்னொரு விஷயம், எந்த ஊரில் பதிவு என்பது. குழந்தை பிறந்த இடத்தில்தான் பதிவு, குடியிருக்கும் இடத்தில் இல்லை. நம் ஊரில் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம். பெண் சென்னையில் குடியிருப்பாள், பிள்ளை தென்காசியில் பிறக்கும், மூன்று மாதம் கழித்துச் சென்னைக்குத் திரும்புவார்கள், பிறகு இங்கே மண்டல அலுவலகத்தில் போய் நிற்பார்கள். இங்கே அந்தக் குழந்தையின் பதிவே இருக்காது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் அதே கதைதான் ஆகியிருக்கும். நல்லவேளையாக இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். புகுந்த வீட்டுக்குக் கிளம்புவதற்குள் பெயரை முடிவுசெய்துவிட்டால் ஓர் அலைச்சல் மிச்சம். கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலரையும், நகராட்சி, மாநகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவையும் பார்க்க வேண்டும்.

சட்டத்தைச் சற்று ஒதுக்கிவிட்டுப் பெயருக்கு வருகிறேன். எனக்கு அதில்தான் மனம் நிற்கிறது.

பூங்குழலி என்றதும் நம் ஆட்களுக்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நினைவுக்கு வரும். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர். அதில் கோடிக்கரைக் கடலில் தனியாகப் படகு வலித்துப் போகிற பெண் அவள். அரண்மனைப் பெண்கள் நிறைந்த கதையில் யாருக்கும் கட்டுப்படாமல் வளர்ந்த ஓடக்காரி. 2022-இல் படம் வந்த பிறகு இந்தப் பெயர் மறுபடியும் எல்லோர் வாயிலும் புழங்கியது. ஆனால் பெயரின் வேர் கல்கிக்கு வெகு காலம் முன்னாலேயே ஓடுகிறது.

குழல் என்றால் கூந்தல். குழலி, கூந்தலை உடையவள். பூச்சூடிய கூந்தலாள் என்றும் கொள்ளலாம், பூவைப் போன்ற மென்மையான கூந்தலாள் என்றும் கொள்ளலாம். தமிழ்நாட்டுக் கோயில்களில் அம்மன் சந்நிதிகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் இந்தக் குழலிகளைப் பார்க்கலாம். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் ஏலவார்குழலி, வாசனைச் சாந்து பூசிய நீண்ட கூந்தலாள். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலில் மட்டுவார்குழலி, தேன் மணக்கும் கூந்தலாள். திருவாலங்காட்டில் வண்டார்குழலி, வண்டுகள் மொய்க்கும் கூந்தலாள். தேன், வாசனை, வண்டு என்று சுற்றிச் சுற்றி எல்லாம் ஒரே கூந்தலைத்தான் பேசுகின்றன.

பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, பூச்சூடுவதால் வருகிறதா என்று மதுரையில் பாண்டியன் சபையில் எழுந்த வழக்கும் இதே கூந்தலைப் பற்றியதுதான். தருமிக்குப் பொற்கிழி தேடித் தரச் சிவபெருமானே பாட்டு எழுதிக் கொடுத்ததாகவும், அதில் நக்கீரர் குற்றம் கண்டதாகவும் திருவிளையாடற் புராணம் சொல்லும். இறையனார் பெயரில் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டாக இருப்பது அந்தப் பாட்டுத்தான். எதிர்வீட்டுப் பாப்பா பெரியவளாகி, "எனக்கு ஏன் இந்தப் பேரை வெச்சீங்க?" என்று கேட்டால், அவள் அம்மாவுக்குச் சொல்வதற்கு இவ்வளவு இருக்கிறது. அழகிய பெயர்களில் எனக்குப் பிடித்தவை இப்படிப்பட்டவை. ஒலி இனிமையாக இருப்பதோடு, பின்னால் நடந்துபோகப் பாதையும் இருக்கும்.

பெயரின் பொருளைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் பெண் குழந்தைகளுக்கு 'வேண்டாம்' என்றும் 'போதும்பொண்ணு' என்றும் பெயர் வைத்த வீடுகள் இருந்தன, இருக்கின்றன. அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையில் வைப்பது. அந்தப் பெயரோடு அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு நாளும் 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் இதற்கு இணையான பெயர் 'நகுஷி', வேண்டாதவள் என்று பொருள். சாத்தாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் அப்படிப்பட்ட 285 பெண்களுக்கு மாவட்ட நிர்வாகமே விழா நடத்தி, அவர்கள் விரும்பிய புதுப் பெயரைக் கொடுத்தது. அவர்களில் சிலர் சிறுமிகள், சிலர் வளர்ந்த பெண்கள். அந்தச் செய்தியை நான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பதிவேட்டில் ஏறும் சொல் ஒரு பெண்ணை எவ்வளவு காலம் பின்தொடரும் என்று அதைக் கேட்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்போ எந்தப் பேரு வேணும்னாலும் வெச்சுடலாமா? கவர்மென்ட் வேண்டாம்னு சொல்லாதா?" என்றாள். நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் என்று ஒன்று கிடையாது. சில நாடுகளில் உண்டு. ஐஸ்லாந்து அதற்கு நல்ல உதாரணம். அங்கே பெயர்களைச் சரிபார்க்கவே ஒரு குழு இருக்கிறது. பெயர் அந்நாட்டு மொழியின் இலக்கணத்துக்கு ஒத்துப்போக வேண்டும், வேற்றுமை உருபு ஏற்க வேண்டும் என்பது போன்ற விதிகள். ஒரு தாய் தன் மகளுக்கு 'பிளைர்' என்று பெயர் வைத்தார். இளங்காற்று என்று பொருள். அந்நாட்டின் நோபல் எழுத்தாளர் ஹால்டோர் லாக்ஸ்னஸின் நாவலில் வரும் ஒரு பெண்ணின் பெயர் அது. ஆனால் அந்தச் சொல் இலக்கணப்படி ஆண்பால் என்று குழு மறுத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு 15 வயதாகும்வரை அரசு ஆவணங்களில் அவள் பெயர் 'சிறுமி' என்றே இருந்தது. 2013-இல் ரெய்க்யவிக் நீதிமன்றம்தான் அவளுக்கு அவள் பெயரைக் கொடுத்தது. 2019-இல் அங்கே சட்டமும் மாறி, ஆண் பெயர், பெண் பெயர் என்ற தடை நீங்கியது. அவளும் நாவலிலிருந்து பெயர் பெற்றவள்தான், இந்தப் பாப்பாவைப் போலவே. நம் பதிவாளர் பூங்குழலியின் இலக்கணத்தைக் கேட்கமாட்டார். நமக்குத் தொல்லை வருவது வேறு இடத்தில், எழுத்துகளில்.

தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழில் முதலில் பாருங்கள். பூ என்ற சொல்லுக்குப் பின் குழலி வரும்போது இடையில் 'ங்' தோன்றும், பூங்கொடி, பூங்காற்று போல. தட்டச்சு செய்பவர் அவசரத்தில் 'பூங்குளலி' என்றோ 'பூங்குழழி' என்றோ அடித்துவிட்டால் அது பிழைதான், ஆனால் அச்சாகி முத்திரை விழுந்துவிட்டால் பிழையும் ஆவணம் ஆகிவிடும். பெயரைத் தாளில் தெளிவாக, பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

ஆங்கிலத்தில் இதைவிடப் பாடு. நம் 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் எழுத்தில்லை. இசட்-எச் என்று எழுதுவது இன்று பெருவழக்கு. ஆனால் வெறும் எல் போடுபவர்களும் உண்டு. அடுத்து 'கு'வுக்கு ஜி-யா, கே-யா? 'பூ'வுக்கு ஓ இரண்டா, யு ஒன்றா? ஊர்ப் பெயர்களிலேயே இந்த வழக்கு தீரவில்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே எது சரி என்று தேடித் தவிப்பதைவிட, ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே கடைசிவரை பிடித்துக்கொள்வது மேல். பிறப்புச் சான்றிதழில் உள்ளதே ஆதாருக்கும் பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும். எங்காவது ஓர் எழுத்து மாறினால் 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்க ஓட வேண்டியிருக்கும்.

எண் கணிதம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் நம்பிக்கை. பார்ப்பதானால் பெயர் பதிவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது ஒருவர் சொன்னார் என்று பெயரின் நடுவில் ஓர் 'ஏ' எழுத்தைக் கூட்டிப் பள்ளியில் எழுதிவிட்டு, சான்றிதழில் பழையதையே விட்டுவிடுவதால் வரும் தொல்லை அந்தக் குழந்தையின் தலையில்தான் விழும்.

பதிந்த பிறகு திருத்தவே முடியாதா? முடியும், ஆனால் எதைத் திருத்தலாம் என்பதில் ஒரு கோடு இருக்கிறது. சட்டத்தின் 15-ஆம் பிரிவு பிழை திருத்தத்தைத்தான் பேசுகிறது. பதிவேட்டில் முதலில் எழுதியதை அழிக்கமாட்டார்கள். அடிக்கவும் மாட்டார்கள். பக்கத்து ஓரத்தில் திருத்தத்தைக் குறித்து, பதிவாளர் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவார். பழைய எழுத்தும் அங்கேயே இருக்கும். 'பூங்குளலி' என்று விழுந்ததைத் தகுந்த ஆதாரம் காட்டி 'பூங்குழலி' ஆக்குவது பிழை திருத்தம். பூங்குழலி என்று பதிந்துவிட்டு, பிறகு மனம் மாறி வேறு பெயர் கேட்டால் அது பிழை திருத்தம் இல்லை. பதிவாளர் கைவிரித்துவிடுவார். அதற்கு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடும் வழி இருக்கிறது. எழுதுபொருள், அச்சுத் துறையில் விண்ணப்பித்தால் அரசிதழில் வரும், அதைக் காட்டி மற்ற ஆவணங்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அரசிதழில் வந்ததாலேயே பிறப்புப் பதிவேடு மாறிவிடாது. ஒருவரின் பெயர் அவருடைய அடையாளத்தின் பகுதி, அதைத் தாங்கும் உரிமை பேச்சுரிமையோடு சேர்ந்தது என்று 2021-இல் சி.பி.எஸ்.இ. சான்றிதழ்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த உரிமையை நிலைநாட்ட நீதிமன்றப் படி ஏறும் நிலைமை எத்தனை குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும்?

மாமியாருக்கும் மருமகளுக்கும் பெயரில் ஒத்துப்போகாவிட்டால் வீட்டில் பேசித் தீர்க்கலாம். அப்பாவும் அம்மாவும் ஒத்துப்போகாவிட்டால் அது அலுவலகத்தில் போய் நிற்கும், ஏனென்றால் பெயர் சேர்க்கப் பொதுவாக இருவரின் கையெழுத்தையும் கேட்பார்கள். கேரளத்தில் அப்படி ஒரு வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. பிரிந்துவிட்ட பெற்றோர், ஆளுக்கொரு பெயர். 2020-இல் பிறந்த பெண் குழந்தை பள்ளியில் சேரும் வயது வந்தும் சான்றிதழில் பெயரில்லை. இருவரும் சேர்ந்து வந்தால்தான் பதிவேன் என்றார் பதிவாளர். 2023-இல் நீதிபதி, குழந்தையின் நலனுக்குக் காப்பாளராக நீதிமன்றமே நிற்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, அம்மாவிடம் வளரும் குழந்தைக்கு அம்மா விரும்பிய பெயரையே வைத்து, அப்பாவின் பெயரையும் அதோடு சேர்க்கச் சொன்னார். பெரியவர்களின் சண்டையில் அந்தக் குழந்தை மூன்று வருடம் பெயரில்லாமல் கிடந்ததை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். திருமணமாகாத தாயோ தனித் தாயோ பிறப்புச் சான்றிதழ் கேட்டால், ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும், தந்தை யார் என்று துருவக் கூடாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குழந்தையின் குடும்பப் பெயரை முடிவுசெய்யும் உரிமை, இயற்கைக் காப்பாளரான தாய்க்கு உண்டு என்று 2022-இலும் சொன்னது. யாராவது அலுவலகத்தில் முகம் சுளித்தால் இந்த இரண்டையும் தைரியமாகச் சொல்லுங்கள்.

இனிஷியல் பற்றியும் கேட்டாள். நம் பெயர் முறைக்கும் உலகின் படிவங்களுக்கும் இடையே இது ஓயாத இழுபறி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துத்தான். சிலர் இப்போது அம்மாவின் எழுத்தையும் சேர்க்கிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது. பாஸ்போர்ட் எடுக்கும்போது முதலெழுத்தை விரித்து முழுப் பெயராக எழுத வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது நம் ஊரிலிருந்து பயணம் கிளம்பிய பலர் கலங்கிப்போனார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. எதிர்வீட்டில் அப்பா பெயரைப் பின்னால் முழுதாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைச் சான்றிதழுக்கு முன்னாலேயே பேசிக்கொள்ளச் சொன்னேன்.

இவ்வளவு கவனம் முன்பு தேவைப்பட்டதில்லை. அந்தக் காலத்தில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் தலைமையாசிரியரே ஒரு பிறந்த தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். இப்போது நிலைமை வேறு. பதிவுச் சட்டத் திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அன்றிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் என்று எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழே ஆதாரம். சான்றிதழை 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. ஓராண்டுக்கு மேல் பிறப்பையே பதியாமல் விட்டவர்கள் மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ ஆணை வாங்கித்தான் பதிய முடியும்.

"மாமியார் சொல்ற பேரையும் சேர்த்து ரெண்டா வெச்சுக்கலாமா?" என்று கடைசியாகக் கேட்டாள். சட்டம் தடுக்காது. ஆனால் இரண்டையும் பதிந்தால் இரண்டையும் எல்லாத் தாளிலும் எழுத வேண்டும். ஓரிடத்தில் விட்டாலும் மேலே சொன்ன நோட்டரி ஓட்டம்தான். மாமியாரின் அம்மா பெயரை வீட்டுப் பெயராக வைத்துக்கொண்டு, தொட்டில் போடும் நாளில் காதில் அதையும் சொல்லலாமே என்றேன். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

அவளிடம் முடிவாகச் சொன்னேன்: நாளைக்கே நீ செய்ய வேண்டியது இதுதான். கர்ப்பக் காலத்தில் செவிலியர் கொடுத்த அட்டையில் ஆர்.சி.எச். எண், அதாவது கர்ப்பப் பதிவு எண் இருக்கும், அதை எடுத்து வை. சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். ஆஸ்பத்திரி பதிந்துவிட்டதா என்று பார். பதிவு எண்ணையும் பதிவான தேதியையும் நாள்காட்டியில் எழுதி, அதிலிருந்து 12 மாதம் எண்ணி ஒரு கோடு போடு. பெயர் முடிவானதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, உன் வீட்டுக்காரரோடு சேர்ந்தே போ. அச்சாவதற்கு முன் திரையில் காட்டச் சொல். ழகரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று நீயே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.